வீல் நட்டும் ஸ்டெப்னியும்: சாலையோரத்தில் டயர் மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திண்டிவனத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே ஒரு மாலை நேரத்தில் என் காரின் இடது பின்சக்கரம் பஞ்சரானது. ஸ்டெப்னியில் காற்று இருந்தது. ஜாக்கி இருந்தது, வீல் ஸ்பேனர் இருந்தது. நட்தான் அசையவில்லை. முந்தைய வாரம் வீல் அலைன்மென்ட் செய்த கடையில் ஏர் கன்னால் (காற்றழுத்தத்தில் நட்டைச் சுழற்றும் கருவி) இறுக்கியிருந்தார்கள். காரோடு வந்த குட்டை ஸ்பேனர் இரண்டு முறை நழுவி, ஒரு நட்டின் முனைகளை மழுக்கிவிட்டது. பின்னால் வந்த லாரியை ஓரங்கட்டிய ஓட்டுநர் நீண்ட ஸ்பேனரும் ஒரு இரும்புக் குழாயும் கொண்டுவந்து கழற்றித் தந்தார். போகும்போது ஒன்று சொன்னார்: "வீட்டில் ஒருதடவை கழற்றிப் பார்த்திருக்கலாமே, தம்பி."

அன்றிலிருந்து உறவினர்களும் அலுவலக நண்பர்களும் கார் வாங்கும்போதெல்லாம் இந்தப் பேச்சை எடுத்துவிடுகிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

காரின் எடையைத் தாங்குவது நட்டும் ஸ்டட்டும்தானே?

நேரடியாக இல்லை. ஸ்டட் என்பது ஹப்பிலிருந்து (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) நீட்டிக்கொண்டிருக்கும், மரை (திருகுவரி) வெட்டிய கம்பி. பலரும் சக்கரம் அதன் மேல் தொங்கிக்கொண்டிருப்பதாக நினைக்கிறார்கள். நட்டின் வேலை அழுத்திப் பிடிப்பது. நட்டை இறுக்கும்போது ஸ்டட் மிகச் சிறிதளவு நீள்கிறது. இழுத்துவிட்ட ஸ்பிரிங் போல அது திரும்பச் சுருங்கப் பார்ப்பதால்தான் டிஸ்க் (டயரை மாட்டும் உலோகச் சக்கரம், பிரேக் டிஸ்க் அல்ல) ஹப்போடு ஒட்டி அழுந்துகிறது. 12 மி.மீ. ஸ்டட்டில் 100 நியூட்டன் மீட்டர் (முறுக்கும் விசையின் அலகு) அளவுக்கு இறுக்கினால் ஒரு நட் தரும் அழுத்தம் ஏறத்தாழ 4 டன். நான்கு நட்டுக்கும் சேர்த்து 16 டன். அந்த அழுத்தத்தில் டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவே உண்டாகும் உராய்வுதான் சக்கரத்தை நகரவிடாமல் வைத்திருக்கிறது.

அழுத்தம் குறைந்தால் டிஸ்க் மயிரிழை அளவு அசையத் தொடங்கும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட் வளைந்து நிமிர்கிறது. கம்பியை முன்னும் பின்னும் மடக்கினால் ஒடிவதைப் போல ஒருநாள் ஸ்டட் ஒடிகிறது. லூசான நட்டும் ஆபத்து, அளவுக்கு மீறி இறுக்கி ஸ்டட்டை நிரந்தரமாக நீட்டிவிட்ட நட்டும் ஆபத்து என்பது இதனால்தான்.

நட்டை எப்போது மாற்ற வேண்டும்?

ஆறு முனைகளில் ஒன்று மழுங்கியிருந்தாலும் மாற்றுங்கள். இன்னும் ஒருமுறை தாங்கும் என்று விட்டால், அந்த ஒருமுறை மழையிலோ இருட்டிலோதான் வரும்.

கையால் திருகும்போது நட் விரல் பலத்திலேயே ஸ்டட்டின் அடிவரை ஓட வேண்டும். நடுவில் முரண்டு பிடித்தால் நட்டின் மரையோ ஸ்டட்டின் மரையோ கெட்டிருக்கிறது. எது என்று கண்டுபிடிப்பது எளிது: நன்றாக ஓடும் இன்னொரு நட்டை அதே ஸ்டட்டில் போட்டுப் பாருங்கள்.

டிஸ்க்கில் அமரும் முகத்தில் ஆழமான கீறலோ துருப்பள்ளமோ இருந்தாலும் மாற்ற வேண்டும். சென்னையில் கடற்கரைப் பக்கம் வெளியில் நிற்கும் கார்களிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற கார்களிலும் இதைக் கட்டாயம் பாருங்கள். வெள்ளத்துக்குப் பிறகு இன்ஜினையும் சீட்டையும் சரிசெய்தவர்களில் எத்தனை பேர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்கள்?

தனியாகச் சொல்ல வேண்டியது பளபளப்பான மூடி போட்ட நட். சிலவற்றில் உள்ளே சாதாரண இரும்பு நட் இருக்கும், மேலே மெல்லிய தகட்டுத் தொப்பி ஒன்றை அழுத்தி மூட்டியிருப்பார்கள். இடுக்கில் தண்ணீர் புகுந்து உள்நட் துருப்பிடித்தால் தொப்பி உப்பிவிடும். பிறகு 19 மி.மீ. சாக்கெட் (ஸ்பேனரில் நட்டைக் கவ்வும் குழல்) அதில் நுழையாது. சுத்தியலால் அடித்து நுழைத்தால் தொப்பி மட்டும் தனியே சுழலும். உப்பத் தொடங்கியது தெரிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒரே இரும்பில் கடைந்த நட்டுகளாகப் போட்டுவிடுவதே நல்லது.

கடையில் "கார் வீல் நட்" என்று கேட்டால் போதாதா?

போதாது. இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது.

முதலில் மரை. மாருதி சுசூகி கார்களில் ஸ்டட் 12 மி.மீ., மரை இடைவெளி 1.25 மி.மீ. ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டா கார்களில் பெரும்பாலானவற்றில் ஸ்டட் அதே 12 மி.மீ. ஆனால் இடைவெளி 1.5 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மாற்றிப் போட்டால் ஓரிரு சுற்று ஏறிவிட்டு நின்றுவிடும். அங்கேயே நிறுத்தினால் சேதமில்லை. ஏர் கன் வைத்திருப்பவருக்கு அந்தத் தடை கையில் தெரியாது. அவர் விசையை அழுத்த, நட்டின் மரையும் ஸ்டட்டின் மரையும் ஒன்றையொன்று சீவிக்கொண்டு ஏறும். பெயரை மட்டும் நம்பவும் முடியாது: டொயோட்டா கிளான்சா என்பது மாருதி பலேனோவின் உடன்பிறப்பு, அதற்குச் சேருவது மாருதி நட். ஃபோக்ஸ்வாகன் போலோ, ஸ்கோடா ரேபிட் ஆகியவற்றில் நட்டே கிடையாது. ஹப்புக்குள் நேராக இறங்கும் 14 மி.மீ. போல்ட்தான்.

அடுத்தது அமரும் முகம். கூம்பாகச் சரிந்த முகம்தான் மிகப் பரவலானது, மெக்கானிக்குகள் டேப்பர் என்பார்கள். ஹோண்டாவும் ஃபோக்ஸ்வாகனும் தங்கள் சொந்த டிஸ்க்குகளுக்கு உருண்டை முகம் வைக்கின்றன. டொயோட்டாவின் சில அலாய் வீல்களுக்கு நீண்ட கழுத்தும் தட்டையான வாஷரும் கொண்ட நட். உருண்டைக் குழியில் கூம்பு நட்டைப் போட்டால் முழு முகமும் படியாது, ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொடும். இறுகியது போலவே கைக்குத் தெரியும், ஓட ஓட லூசாகும். வெளிச்சந்தை அலாய் வீல்களில் பெரும்பாலும் கூம்புக் குழிதான். அலாய் வீல் மாற்றியவர்கள் பழைய நட் பொருந்துமா என்று கடைக்காரரிடம் கேட்டே ஆக வேண்டும். ஸ்டெப்னி இரும்பு டிஸ்க்காக இருந்தால் அதற்கு எந்த நட் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். தேவைப்பட்டால் அந்த நான்கைத் தனிப் பையில் ஸ்டெப்னியோடு கட்டி வைக்க வேண்டும்.

மூன்றாவது, எத்தனை சுற்று ஏறுகிறது என்பது. ஸ்டட்டின் குறுக்களவுக்குக் குறையாத நீளம் நட்டுக்குள் இருக்க வேண்டும். 12 மி.மீ. ஸ்டட்டில் 1.5 மரை என்றால் 8 சுற்று, 1.25 மரை என்றால் கிட்டத்தட்ட 10 சுற்று. விரலால் எண்ணிக்கொண்டே திருகினால் தெரிந்துவிடும். தடித்த அலாய் வீலோ, டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் இடையில் போட்ட ஸ்பேசர் தகடோ இந்த எண்ணிக்கையைத் தின்றுவிடும். நட் மூடியோடு இருந்தால், ஸ்டட்டின் நுனி மூடியில் முட்டி, நட் டிஸ்க்கைத் தொடாமலே இறுகியதாகக் காட்டும் ஆபத்தும் உண்டு.

என் பழக்கம்: கழற்றிய பழைய நட் ஒன்றைக் கையோடு எடுத்துப் போவது, புதியதை அங்கேயே அருகில் வைத்துப் பார்ப்பது, வீட்டுக்கு வந்து விரலால் மட்டும் திருகிப் பார்ப்பது. விரலால் ஓடாத நட்டுக்கு ஸ்பேனர் கிடையாது.

ஸ்டட்டே ஒடிந்துவிட்டால்?

ஸ்டட் ஹப்பின் பின்புறத்திலிருந்து செருகப்பட்டது. அதன் கழுத்தில் பல் பல்லாக வரிகள் இருக்கும், அவைதான் சுழலவிடாமல் கடித்துப் பிடிக்கின்றன. பழையதைப் பின்னோக்கித் தட்டி எடுத்துப் புதியதை இழுத்து உட்காரவைக்க வேண்டும். சில கார்களில் பின்புறம் இடமிருக்காது, ஹப்பையே கழற்ற வேண்டியிருக்கும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் பேரிங்கும் அடி வாங்கும். நல்ல மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். ஒரு ஸ்டட் களைத்து ஒடிந்திருந்தால் அதன் இருபுறமும் இருப்பவை அத்தனை நாளும் அதன் சுமையையும் சேர்த்துச் சுமந்தவை. அவற்றையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

மூன்று நட்டில் ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். நான்கில் ஒன்று போனால் வேகத்தை மிகக் குறைத்து, பக்கத்திலிருக்கும் கடை வரை மட்டும். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள்.

அடுத்தமுறை எளிதாகக் கழல, மரையில் எண்ணெய் அல்லது கிரீஸ் தடவலாமா?

வேண்டாம். நாம் ஸ்பேனரில் கொடுக்கும் விசையில் பெரும்பகுதி உராய்வைத் தாண்டுவதிலேயே போகிறது. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கிறது. கையேட்டில் இருக்கும் எண் உலர்ந்த மரைக்கானது. எண்ணெய் போட்டால் உராய்வு குறைந்து, அதே எண்ணில் ஸ்டட் மிக அதிகமாக இழுபடும். துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துணியால் துடையுங்கள். கழற்றுவதற்காகத் துரு நீக்கும் திரவம் அடித்திருந்தால் மாட்டும் முன் அதையும் துடைத்துவிடுங்கள்.

எவ்வளவு இறுக்க வேண்டும்? ஏர் கன்னே கூடாதா?

உங்கள் காரின் கையேட்டில் எண் இருக்கும். சிறிய, நடுத்தரக் கார்களுக்கு அது பெரும்பாலும் 85-லிருந்து 130 நியூட்டன் மீட்டருக்குள் வரும். 100 நியூட்டன் மீட்டர் என்பது அரை மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 20 கிலோ எடை. காரோடு வரும் கால் மீட்டர் ஸ்பேனரில் அதுவே 40 கிலோ. ஏர் கன்னால் இதைப்போல இருமடங்கு இறுக்கியிருந்தால் அந்தக் குட்டை ஸ்பேனரில் 80 கிலோ வேண்டும். அன்று நான் தோற்றது ஏன் என்று இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஏர் கன் கழற்றுவதற்கு அருமையான கருவி. மாட்டும்போது கையால் சில சுற்று, பிறகு வேண்டுமானால் மெதுவாகக் கன், கடைசி இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச், அதாவது இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர். நான் கடையில் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: "அண்ணா, கடைசியில் கையால் இறுக்கிக் கொடுங்கள்." பெரும்பாலானவர்கள் முகம் சுளிக்காமல் செய்கிறார்கள். மறந்துவிட்டால் வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக லூசாக்கி நானே சரியான அளவுக்கு இறுக்கிக்கொள்கிறேன்.

பூட்டு நட் போடலாமா?

தனிச் சாவித் துண்டு இல்லாமல் கழற்ற முடியாத நட் அது. அலாய் வீல் திருட்டுப் பயம் இருந்தால் போடலாம். அதன் சாவித் துண்டு காரிலேயே, எல்லோருக்கும் தெரிந்த ஓரிடத்தில் இருக்க வேண்டும். சர்வீஸுக்கு விட்டு வாங்கும்போது அது திரும்பி வந்ததா என்று பார்த்த பிறகே கிளம்புங்கள். பூட்டு நட்டில் ஏர் கன் வைக்க அனுமதிக்காதீர்கள், சாவித் துண்டின் பல் உடைந்துவிடும்.

வண்டியில் என்னென்ன வைத்திருக்க வேண்டும்?

முதலில் காரோடு வந்தவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: ஜாக்கி, அதன் கைப்பிடி, ஸ்பேனர், இழுவைக் கொக்கி, சிவப்பு முக்கோணம். பழைய கார் வாங்கியவர்கள் இதைப் பார்க்காமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

அதற்கு மேல் நான் சேர்த்தவற்றில் முதலிடம் அரை மீட்டருக்குக் குறையாத நீளமுள்ள கைப்பிடிக்கும், அதில் பொருந்தும் ஆறுமுனை சாக்கெட்டுக்கும். மாருதிக்கும் ஹோண்டாவுக்கும் பெரும்பாலும் 19 மி.மீ., ஹூண்டாய்க்கும் டொயோட்டாவுக்கும் 21 மி.மீ., ஃபோக்ஸ்வாகனுக்கு 17 மி.மீ. வாங்கும் முன் உங்கள் நட்டில் வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் மூலைகளை மட்டும் தொடுவதால் சீக்கிரம் மழுக்கும். பிறகு ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓரடிச் சதுரப் பலகை. வண்டல் மண்ணிலும் மழையில் ஊறிய ஓரத்திலும் பலகை இல்லாத ஜாக்கி காரைத் தூக்காது, தானே புதையும். சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க இரண்டு மரக்கட்டைகள், தலையில் கட்டும் விளக்கு, ஒளிரும் மேலங்கி, கையுறை, மண்டியிட ஒரு பழைய கோணி. 12 வோல்ட் காற்றடிக்கும் கருவியும் காற்றழுத்தமானியும் இருந்தால் பாதி நாட்களில் சக்கரத்தைக் கழற்றவே வேண்டியிராது: டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தினால் காற்று மெதுவாகத்தான் இறங்கும், அடித்துக்கொண்டு அடுத்த பஞ்சர் கடைக்குப் போய்விடலாம்.

ஸ்டெப்னியின் காற்றை மாதம் ஒருமுறை பாருங்கள். அதற்கும் வயது உண்டு. டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. தரையைத் தொடாவிட்டாலும் ரப்பர் முதுமையடையும். பத்தாண்டு ஆன டயரை எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள்.

என் புதிய காரில் ஸ்டெப்னியே இல்லை. இது சட்டப்படி சரியா?

சரிதான். டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பும், டயர் பழுதுநீக்கும் பொருட்களும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் வந்தது. ஆனால் அந்தப் பொருட்கள் ஆணித் துளைக்குத்தான் உதவும். டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் உதவாது. உங்கள் பாதை கிராமச் சாலைகளும் மலைச் சாலைகளுமாக இருந்தால் ஒரு ஸ்டெப்னி வாங்கி டிக்கியில் கட்டிவைப்பதையே சொல்வேன்.

வீட்டில் ஒத்திகை பார்ப்பது எப்படி?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமதளத்தில், வண்டியில் இருக்கும் கருவிகளை மட்டும் வைத்து. பக்கத்து வீட்டிலிருந்து எதையும் வாங்கிவரக் கூடாது. நான்கு சக்கரங்களின் நட்டுகளையும் ஒவ்வொன்றாக லூசாக்கி, சரியாக இறுக்குங்கள். ஒரு சக்கரத்தை முழுவதும் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிப் பாருங்கள். சி.என்.ஜி. கார்களில் சிலிண்டருக்குப் பக்கத்திலோ அடியிலோ இருக்கும் ஸ்டெப்னியை வெளியே எடுப்பதே ஒரு வேலை, அதையும் செய்து பார்க்க வேண்டும். வீட்டில் கார் ஓட்டும் எல்லோரும் ஆளுக்கொரு சக்கரம் கழற்றட்டும். எங்கள் வீட்டில் என் மனைவிதான் ஜாக்கிக் கைப்பிடி வளைந்திருப்பதைக் கண்டுபிடித்தார்.

அவ்வளவு உடல்பலம் இல்லாதவர்கள் என்ன செய்வது?

பலத்தைவிட நீளம் முக்கியம். ஸ்பேனரின் கைப்பிடி நட்டுக்கு இடதுபுறம் படுக்கையாக நீளும்படி மாட்டுங்கள். கீழ்நோக்கி அழுத்தினால் அது இடஞ்சுழியாகச் சுழன்று கழலும். கையால் மேலே இழுப்பதைவிட, உடல் எடையைக் கீழே இறக்குவது எளிது. கைப்பிடியின் நுனியில் பாதத்தை வைத்து, காரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எடையை ஏற்றுங்கள். குதிக்க வேண்டாம். இறுக்கும்போது மட்டும் காலால் மிதிக்காதீர்கள், அளவு மீறிவிடும்.

நெடுஞ்சாலையில் பஞ்சரானால் எங்கே நிறுத்துவது?

டயரைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். வளைவிலும் பாலத்திலும் நிற்காமல், மெதுவாகவே உருட்டிப் போய் அகலமான, கெட்டியான இடத்தில் நிறுத்துங்கள். டயர் பாழாகட்டும். வலதுபுறச் சக்கரம் என்றால் இன்னும் கவனம்: நம் முதுகு ஓடும் லாரிகளின் பக்கம் இருக்கும். சாலையை விட்டு முழுவதும் உள்ளே இறங்க இடமில்லாவிட்டால் அங்கே உட்கார்ந்து டயர் மாற்றாதீர்கள்.

நான்கு விளக்கையும் சிமிட்டவிட்டு, எல்லோரையும் இடதுபுறக் கதவு வழியாக இறக்கி, தடுப்புக்கு அப்பால் நிற்கவையுங்கள். முக்கோணத்தைக் காருக்குப் பின்னால் குறைந்தது 50 மீட்டர் தள்ளி வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ஐ அழைக்கலாம். அருகிலிருக்கும் கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொன்னால் ரோந்து வண்டி எளிதில் கண்டுபிடிக்கும்.

மாற்றும் வரிசை என்ன?

கைப்பிரேக், முதல் கியர். மூலைவிட்டமாக எதிரே இருக்கும் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்று லூசாக்குங்கள். தூக்கிய பிறகு இதைச் செய்தால் சக்கரம் சுழலும், ஜாக்கி சரியும். ஜாக்கி வைக்கும் இடம் கதவுக்கு அடியிலுள்ள விளிம்பில் இரண்டு வெட்டுக்குறிகளுக்கு நடுவே. கழற்றும் முன்பே ஸ்டெப்னியைக் காரின் அடியில் படுக்கவையுங்கள். சக்கரம் வெளியே வந்ததும் அந்த இடத்தில் அதைப் படுக்கவைத்து ஸ்டெப்னியை எடுங்கள். ஜாக்கி சரிந்தாலும் கார் டயரின் மேல்தான் விழும். உடலின் எந்தப் பகுதியையும் காருக்கு அடியில் நீட்டாதீர்கள்.

நட்டின் கூம்பு டிஸ்க்கைப் பார்த்திருக்க வேண்டும். விரலால் எல்லாவற்றையும் ஏற்றி, எதிரெதிராக லேசாக இறுக்கி, காரை இறக்கிய பிறகு முழுதாக இறுக்குங்கள். ஐந்து நட் என்றால் நட்சத்திரம் வரைவது போல ஒன்றுவிட்டு ஒன்று.

நட் எல்லாம் கழன்றும் சக்கரம் வரவில்லையே?

டிஸ்க்கின் நடுத்துளை ஹப்போடு துருவால் ஒட்டியிருக்கிறது. ஜாக்கியில் நிற்கும் காரை உதைக்கவோ உலுக்கவோ வேண்டாம். நட்டுகளைத் திரும்ப மாட்டி, ஒரு சுற்று மட்டும் லூசாக விட்டு, காரைத் தரையில் இறக்குங்கள். எடை இறங்கும்போதே பெரும்பாலும் ஒட்டு விடும். விடாவிட்டால் தரையில் நிற்கும் அந்த டயரின் பக்கவாட்டில் குதிகாலால் மாற்றி மாற்றி உதையுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுத்துவிடுங்கள்.

மாற்றிய பிறகு எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

ஸ்டெப்னி மற்ற நான்கின் அளவிலேயே இருந்தால் வழக்கம்போல ஓட்டலாம். மெல்லிய தற்காலிக டயர் என்றால் அதன் மேலேயே வேக வரம்பு எழுதியிருக்கும், பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீட்டர். அதில் காற்றும் அதிகம் வேண்டும், 60 பி.எஸ்.ஐ. என்று அச்சிட்டிருக்கும். எந்த ஸ்டெப்னியானாலும் 50-லிருந்து 100 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். துருத்தூளோ வண்ணப்பூச்சோ நடுவில் சிக்கியிருந்து நசுங்கினால் நட் சற்றுத் தளர்ந்திருக்கும். நான் டீ குடிக்க நிறுத்தும் முதல் இடத்தில் டிக்கியைத் திறந்து அந்த நீள ஸ்பேனரை எடுத்துவிடுவேன்.